லிம்போவில் வளர்ந்தவன்

கத்தோலிக்கத் திருச்சபை லிம்போவைக் கைவிட்டது 2007 ஏப்ரலில். கைவிட்டது என்று சொல்வதைக்கூட இறையியல் படித்தவர்கள் ஏற்கமாட்டார்கள். விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படாத ஒன்றை எப்படிக் கைவிட முடியும், அது வெறும் அபிப்பிராயம்தானே என்பார்கள். பாப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்டின் அனுமதியோடு சர்வதேச இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட அந்த ஆவணம் சொல்வது இவ்வளவுதான்: ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோகும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணங்கள் இருக்கின்றன, ஆனால் நிச்சயமாகத் தெரியும் என்று சொல்வதற்கில்லை.

லிம்போ என்ற கருத்தின் சரித்திரம் ஒருவகையில் மனித மனம் கூசியதன் சரித்திரம். 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். ஜென்மப்பாவம் எல்லோருக்கும் உண்டு, அதைக் கழுவுவது ஞானஸ்நானம் ஒன்றே, ஆகவே அது கிடைக்காமல் இறந்த சிசுவுக்கும் தண்டனை உண்டு; இருப்பதிலேயே இலேசான தண்டனை, அவ்வளவே. பின்னால் வந்தவர்களால் இதைச் சகிக்க முடியவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், அந்தக் குழந்தைகளுக்கு வேதனை கிடையாது, இயற்கையான ஒரு சுகம்கூட உண்டு, கடவுளின் தரிசனம் மட்டும் இல்லை, அது இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது என்று ஒரு வழி கண்டார். ஆனால் 1439இல் ஃப்ளாரன்ஸ் சங்கம், ஜென்மப்பாவத்தோடு மட்டும் இறக்கிறவர்களும் நரகத்தில் இறங்குகிறார்கள், தண்டனையின் அளவில்தான் வேறுபாடு என்று எழுதிவைத்தது. 1905இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஞானோபதேசம் இந்தக் குழந்தைகளின் இடம் லிம்போ என்று நேராகவே கற்பித்தது. தாந்தேயைப் படித்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். வர்ஜிலும் ஹோமரும் உலவுகிற முதல் வட்டம். கவிகளுக்கு அது கௌரவமான முகவரி. மூன்று நாள் குழந்தைக்கு?

அபிப்பிராயம்தான் என்பவர்களுக்கு என் பதில், கோட்பாடு புத்தகத்தில் மட்டும் வாழ்வதில்லை என்பது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1239ஆம் பிரிவு, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்றது. 1983இல் வந்த புதிய சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயர் அனுமதிக்கலாம் என்று 1183ஆம் பிரிவில் தளர்த்தியது. அபிப்பிராயத்துக்கு மண்வெட்டி கிடையாது. சட்டத்துக்கு உண்டு. கிராமத்தில் ஒரு தகப்பன் எங்கே குழி வெட்ட வேண்டும் என்பதைத் தீர்மானித்த ஒன்றை அபிப்பிராயம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2

என் தம்பி 1957 ஐப்பசியில் அரியூரில் பிறந்து மூன்றாம் நாள் இறந்தான். அடைமழை. சங்கராபரணியில் வெள்ளம் என்று வில்லியனூர்ப் பக்கம் போக யாரும் துணியவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி கிறிஸ்தவள் இல்லை. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும், அஞ்ஞானிகூட, தலையில் தண்ணீர் வார்த்து உரிய வார்த்தைகளைச் சொல்லிவிடலாம் என்பது சட்டம். அது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. தெரிந்த என் அப்பா வீட்டில் இல்லை. அம்மாவுக்கு ஜன்னி. கூரையிலிருந்து, வாசலில், வரப்பில், எங்கு பார்த்தாலும் தண்ணீர். அவன் தலையில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை.

அவனைக் கல்லறைச் சுவருக்கு வெளியே, ஒரு பூவரச மரத்தடியில் புதைத்தார்கள். உள்ளே மந்திரித்த மண். அப்போதிருந்த சுவாமியாரை நான் குறைசொல்லவில்லை. அவர் கையில் இருந்த சட்டம் அது. பெயரும் இல்லை, பெயர் ஞானஸ்நானத்தில்தானே வரும். கடைசிவரை அவன் தம்பிதான். எனக்குப் பின்னால் பிறந்த தங்கைகள்கூட அவனைத் தம்பி என்றே சொன்னார்கள், அவன் அவர்களுக்கு அண்ணன் என்பதை மறந்து.

சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்த வயதில் நான் உபதேசியாரிடம், மோட்சத்துக்குப் போனால் தம்பியைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர் நல்ல மனிதர். உடனே பதில் சொல்லவில்லை. அவன் கஷ்டப்பட மாட்டான் என்று மட்டும் சொன்னார். தோமா அக்குவினாஸின் பதில் அதுதான் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது.

நவம்பர் 2, சகல ஆத்துமாக்களின் திருநாள். எங்கள் பக்கத்தில் கல்லறைத் திருநாள் என்பார்கள். முதல் நாளே புல் செத்தி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் சாம்பிராணியுமாகக் கல்லறைத் தோட்டம் ஓர் ஊர்போல ஆகிவிடும். சிலர் செத்தவருக்குப் பிடித்த பலகாரத்தை இலையில் வைப்பார்கள். கிழவர்களுக்குச் சுருட்டு. சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் போனபிறகுதான் ஜனங்கள் பேச ஆரம்பிப்பார்கள், கல்லறைகளோடு. பெண்ணுக்கு வரன் வந்தது, கிணற்றில் ஊற்று அடைத்துக்கொண்டது, சர்க்கரை ஆலையில் கரும்புக்கு இன்னும் பணம் வரவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஆத்துமாக்களுக்கு நம் ஜெபம் உதவும் என்பது கோட்பாடு. ஆனால் அங்கே நடந்தது உதவி இல்லை. இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிறவர்களின் உறவு. அம்மா எல்லாக் கல்லறைக்கும் வத்தி ஏற்றி முடித்து, கடைசி ஒன்றை முந்தானையால் காற்று மறைத்துக்கொண்டு சுவருக்கு வெளியே கொண்டுபோவாள்.

3

இந்தத் தண்ணீர் விவகாரம் புதுச்சேரிக்குப் பழையது. 1703 நவம்பரில் கப்பலிலிருந்து இறங்கிய தூர்னோன் என்ற ரோமாபுரித் தூதர் எட்டு மாதம் இங்கே தங்கி, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை வெளியிட்டார். சேசு சபையார் இந்தப் பழக்கவழக்கங்களுக்கு இணங்கிப்போகிறார்கள் என்ற புகாரை விசாரிக்க வந்தவர். ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது, தாலியில் பிள்ளையார் கூடாது, நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் போய்ப் பார்க்கக் குருக்கள் மறுக்கக்கூடாது, கிறிஸ்தவப் பெற்றோரின் சிசுக்களுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக்கூடாது. ஒரே ஆணையில் மனிதாபிமானமும் எச்சிலும் அடுத்தடுத்து இருப்பதுதான் ஸ்தாபனத்தின் இயல்பு. 1744இல் ரோமாபுரி இந்தத் தகராறுக்கு முடிவு கட்டியது. அடுத்த வருஷம், 1745இல், புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவரைப் பற்றி எழுந்த கலகத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவே நின்ற சாதிச் சுவர் நம் காலத்துச் செய்தி. செத்தவர்களைப் பிரிக்கும் சுவர் என்றால் எனக்குப் பூவரச மரத்தடியும் அந்தச் சுவரும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. மறுமையின் வரைபடத்தைத் தயாரிக்கும் உரிமை ஒருவர் கையில் இருக்கும்வரை அதில் சுவர்கள் வந்துகொண்டேயிருக்கும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1843இல் பிரான்ஸில் திருப்பாலத்துவ சபை ஆரம்பிக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்புவார்கள். இங்கே சாகக்கிடக்கும் பிறமதக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகளின் ஆண்டறிக்கைகளில் அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை தனிக்கணக்காக வரும். வைத்தியம் பார்ப்பதுபோல நெற்றியில் ஈரத் துணி வைத்து அதிலேயே வேலையை முடித்ததும் உண்டு. காலராவில் செத்த யாரோ ஒருவர் பிள்ளை, தாய்க்கே தெரியாமல் சம்மனசு ஆகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஜெபமாலை உருட்டிய வீட்டுப் பிள்ளை, மழை காரணமாக வெளியே நிற்கிறது. அந்த மிஷனரிகளின் உள்ளத்தில் கருணை இருந்தது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. கருணையை இந்த மாதிரிக் கணக்குக்குள் தள்ளிய சித்தாந்தத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

4

சந்தேகத்துக்கு மொழி கிடைத்தது என் பெரியப்பாவிடம். அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். காலையில் பூசை, மாலையில் சாராயம், இரவில் புத்தகம். அவர் பெட்டியில் அலன் கார்தெக்கின் ‘ஆவிகளின் நூல்’ இருந்தது, பிரெஞ்சில். 1857இல் வெளிவந்தது. ரிவாய் என்ற பள்ளி ஆசிரியரின் புனைபெயர் கார்தெக். மேஜைகள் தட்டுவதையும் பென்சில் தானாக எழுதுவதையும் வைத்துக்கொண்டு, ஆவிகளிடம் பாடப்புத்தகம்போலக் கேள்வி கேட்டுப் பதிலைத் தொகுத்தவர். 1861 அக்டோபர் 9 அன்று பார்சலோனாவில் ஆயரின் உத்தரவின்பேரில் முந்நூறு பிரதிகளை வீதியில் எரித்தார்கள், கார்தெக்கின் புத்தகங்களும் அவற்றில் சேர்த்தி. எரித்த புத்தகம் என்பதே பெரியப்பாவுக்குப் பாதி சிபாரிசு.

சைகோனில் அவர் கண்ட காவ்தாய் மதத்தைப் பற்றி நிறையச் சொல்வார். 1926இல் வியட்நாமில் ஆவி பேசும் கூட்டங்களிலிருந்தே பிறந்த மதம் அது. தாய்நின் நகரத்துக் கோயிலில் வழிபடப்படும் பெரியவர்களில் விக்டர் ஹியூகோவும் ஒருவர். நாம் நாவலாசிரியராக அறிந்த ஹியூகோவின் மகள் லெயோபோல்தீன் 1843இல் சேன் நதியில் படகு கவிழ்ந்து இறந்தாள். பத்து வருஷம் கழித்து, ஜெர்சித் தீவில் நாடுகடந்து வாழ்ந்தபோது, அவர் வீட்டு மேஜை பேச ஆரம்பித்தது. முதலில் வந்தது அவள். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு தகப்பனின் கேள்விக்கு அவனுடைய கோயில் வைத்திருந்த பதில் போதவில்லை என்பது மட்டும் எனக்கு உறைத்தது.

ரோமாபுரியும் இதைக் கவனித்தது. 1917 ஏப்ரல் 24 அன்று, ஆவி பேசும் கூட்டங்களில் வெறும் பார்வையாளனாக உட்காருவதும் ஆகாது என்று ஆணை வந்தது. மே மாதம் நான் மேலே சொன்ன சட்டத்தொகுப்பு வந்தது. ஐரோப்பா முழுக்க மகன்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்த வருஷம் அது. இறந்தவர்களோடு பேசாதே; ஞானஸ்நானம் பெறாத சிலரைப் புதைக்கவும் செய்யாதே. இரண்டும் ஒரே வசந்த காலத்தில்.

அம்மாவுக்குக் கார்தெக் தெரியாது. எழுத்தே தெரியாது. 1975 வாக்கில் ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “தம்பிக்கு மீசை மொளச்சிடுச்சி பெரியவனே. நேத்து வந்திருந்தான். ஒன்னாட்டம் இல்ல, அப்பா ஜாட.” கனவா என்றேன். “கெனாவோ என்னமோ. வந்தான்.” நான் கணக்குப் பார்த்தேன். அவனுக்குப் பதினெட்டு. அதன்பிறகுதான் கவனித்தேன், அவள் அவனைக் குழந்தையாகப் பேசியதே இல்லை. நாங்கள் வளர வளர அவனும் வளர்ந்திருந்தான். பல் விழுந்து முளைத்திருந்தது, குரல் உடைந்திருந்தது.

1758இல் லண்டனில் அச்சான ஸ்வீடன்போர்க்கின் ‘மோட்சமும் நரகமும்’ நூலில் அதே விஷயம் இருக்கிறது. சிசுவாக இறந்தவர்கள் அங்கே சிசுவாகவே நின்றுவிடுவதில்லை, தாய்மைக் குணமுள்ள தேவதூதர்களிடம் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள் என்கிறார். சுரங்கத்துறை அதிகாரியாக இருந்த ஸ்வீடன்காரருக்கும் அரியூரில் அரிசி புடைத்தவளுக்கும் இடையே எந்தத் தபாலும் இல்லை. எல்லாப் பிள்ளையிழந்தவர்களும் இப்படித்தான் ஆறுதல் தேடுவார்கள் என்று இதை விளக்கிவிடலாம். விளக்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடுகிறதா?

5

மேஜை தட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1848இல் ஹைட்ஸ்வில்லில் இந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருத்தி 1888இல் மேடையேறி, சத்தமெல்லாம் கால்விரல் மூட்டைச் சொடுக்கியது என்று செய்துகாட்டினாள். அடுத்த வருஷம் அதை மறுத்தாள். பிழைப்புக்காகச் சொன்னது எந்தத் தடவை என்று இனித் தெரியப்போவதில்லை. புதுச்சேரியிலேயே 1911இல் அரவிந்தர் ‘யோகிக் சாதன்’ என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார், கை தானாக எழுதியது. பிற்பாடு அவரே அந்த வழியை விட்டார். அப்படி வருவதில் பெரும்பகுதி எழுதுகிறவனின் அடிமனச் சரக்கு என்பது அவர் கண்ட முடிவு. எழுதுகிற நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எந்தக் கவிதையில் எந்த வரி யாருடையது என்று சத்தியம் செய்ய நம்மில் யாரால் முடியும்?

ஆகவே ஆவிவாதம் என்று நான் சொல்வது மிகக் கொஞ்சம். இறந்தவர் ஒரு நபராகவே தொடர்கிறார். தொடர்கிற எதுவும் மாறும், வளரும். அந்த வளர்ச்சியில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பார்க்கும்போது என் மதத்தின் மறுமை எனக்கு வேறுமாதிரித் தெரிகிறது. அதன் குறை பூகோளத்தில் இல்லை. மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் என்று இடங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். சாகும் கணத்தில் ஆள் உறைந்துவிடுகிறான் என்பதுதான் குறை. எண்பது வருஷ வாழ்க்கைக்கு முடிவில்லாத காலம் கூலியாகிறது. மூன்று நாள் வாழ்க்கைக்கும் அதே. கொடியவனுக்கும் இனிமேல் எதுவும் உறைக்கப்போவதில்லை என்பது நீதி ஆகுமா? உணர்ந்து திருந்த இடமில்லாத தண்டனையில் பழி மட்டுமே மிஞ்சுகிறது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் மட்டும் திருச்சபை வளர்ச்சிக்கு ஒரு ஜன்னல் வைத்தது. அந்த ஜன்னலைச் சுவர் முழுக்கத் திறக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

இன்னும் கடினமான இடம், ஒருவர் ரத்தம் இன்னொருவர் கடனை அடைக்கும் என்ற கோட்பாடு. ஆவிவாதிகள் இதை ஒப்புவதில்லை. அவனவன் செய்தது அவனவன் பொறுப்பு. எனக்கும் அறிவு அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனால் இதில் ஒரு நஷ்டம் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியைவிட்டு எழுந்துவரும் லேசான நடை ஆவிவாதிக்குக் கிடையாது. அவன் கணக்கைத் தானே சுமக்க வேண்டும், சாவுக்கு அப்பாலும். சிலுவையை நான் இன்றும் கும்பிடுகிறேன். அங்கே தொங்குபவர் என் கடனை அடைத்தார் என்பதற்காக அல்ல. சாகும் வேளையில் பக்கத்துக் கள்ளனிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக. அந்தக் கள்ளனுக்கு யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

வேதாகமத்திலேயே இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. மலைமேல் யேசு மோயீசனோடும் எலியாசோடும் பேசுகிறார், மூன்று சீஷர்கள் கண்ணெதிரே. எந்தோரில் செத்த சாமுவேல் எழும்பிவந்து சவுலிடம் கோபித்துக்கொள்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைச் சின்னப்பர் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். கண்டிக்கவில்லை. அந்தப் பழக்கம் நிலைத்திருந்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தம்பிக்காகத் தலையைக் குனிந்திருக்கலாம்.

ஆறுதலுக்காக இட்டுக்கட்டியது என்பார்கள். இருக்கலாம். லிம்போவும் ஆறுதலுக்காக இட்டுக்கட்டியதுதான், அகுஸ்தீனாரின் தீயைத் தணிப்பதற்காக. இரண்டு ஆறுதல்களில் எது அந்தக் குழந்தையை ஆளாக மதித்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.

6

தமிழனுக்கு இது வெளியூர்ச் சரக்கு அல்ல. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு நிலைகளில் ஒன்று நீர்ப்படை. தேர்ந்தெடுத்த கல்லை நீராட்டுவது. செத்தபிறகுதான் அந்தத் தண்ணீர். அதன்பிறகு நடுதல், படையல், வாழ்த்து. கல் கேட்கிறது என்ற நிச்சயத்தில் செய்த காரியங்கள் இவை. வள்ளுவர் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்தும்போது தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னால் வைக்கிறார். சைவத்தில் ஊறிய மறைமலையடிகள் ‘மரணத்தின் பின் மனிதர் நிலை’ என்று ஒரு நூலே எழுதினார். எங்கள் கல்லறைத் திருநாளின் சுருட்டும் பலகாரமும் இந்த வரிசையில் வருபவை. ரோமாபுரியின் தேதியில் நடக்கிறது, அவ்வளவுதான்.

நம் சிற்றிதழ் உலகத்தில் மரணம் நிறைய எழுதப்பட்டுவிட்டது, இறந்தவர்கள் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மரணம் ஒரு தத்துவப் பிரச்னை. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வெறுமையும் எழுதலாம். இறந்தவன் அப்படி இல்லை. அவனுக்கு ஜாடை இருக்கிறது, வயது ஏறுகிறது. வெறுமையை நவீனத்துவம் என்றும் நம்பிக்கையைப் பழமை என்றும் பிரித்துக்கொண்டோம். அது நாமாகக் கட்டிக்கொண்ட ஒரு சுவர் இல்லையா?

அம்மா 1999இல் இறந்தாள். ஆணைக்குழுவின் ஆவணம் வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது. வந்திருந்தால் படித்துக்காட்டியிருப்பேன், அவள் எங்களுக்கெல்லாம் அது முன்னமே தெரியும் என்கிற முகத்தோடு கேட்டிருப்பாள். அந்த ஆவணத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்றே. இத்தனை நூற்றாண்டுகளாகச் சுவருக்கு வெளியே வத்தி கொண்டுபோன தாய்மார்களை நோக்கி அதில் மன்னிப்பாக ஒரு வாக்கியமாவது இருந்திருக்கலாம். இறையியலாளர்கள் கடைசியில் வந்துசேர்ந்த நம்பிக்கையை அவர்கள்தான் அதுவரை அணையாமல் காத்திருந்தார்கள்.

பூசைக்கு இன்றும் போகிறேன். விசுவாசப் பிரமாணத்தில் அந்தப் பழைய சொல் வரும் இடத்தில், அர்ச்சியசிஷ்டவர்களின் சமுதீதப் பிரயோசனம், இப்போதைய மொழியில் புனிதர்களின் சமூக உறவு, என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. இருப்பவர்களும் இறந்தவர்களும் ஒருவருக்கொருவர் ஆகிறார்கள் என்பதுதான் அதன் பொருள் என்றால், திருச்சபை கற்பித்ததில் நான் முழுமனதாக விசுவசிக்கும் வாசகம் அதுதான். அதில் யார் யார் அடக்கம் என்று சட்டம் சொல்லும்போதுதான் எனக்கும் அதற்கும் தகராறு. தம்பிக்கு இந்த ஐப்பசியோடு அறுபது தாண்டி எத்தனையோ ஆகிறது. தலை நரைத்திருக்கும்.